சீரமைத்த ஓடையில் உணவு வலை எப்படி மீள்கிறது?

நேராக வெட்டிய ஓடையை மறுபடி வளைந்தோட விடுகிறார்கள். அகற்றிய பாறைகளைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறார்கள். அணையை உடைக்கிறார்கள், சாக்கடையாகிப்போன ஆற்றுக்கு நல்ல நீரைத் திருப்புகிறார்கள், கரையில் மரம் வைக்கிறார்கள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. எமிலி பெர்ன்ஹார்ட்டும் உடனாய்வாளர்களும் 2005இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட தொகுப்பில் அமெரிக்காவின் 37,099 திட்டங்கள் இடம்பெற்றன. 1990 முதல் ஆண்டுக்குச் சராசரியாக நூறு கோடி டாலருக்கு மேல் இதற்குச் செலவாகியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தப் பதிவுகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டில்தான் ஏதேனும் மதிப்பீடோ கண்காணிப்போ நடந்ததற்கான குறிப்பு இருந்தது.

ஓடையின் உருவம் திரும்பியதை ஒரு நிழற்படம் காட்டிவிடும். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, அந்தப் புழுவை எந்த மீன் பிடிக்கிறது, அந்த மீனுக்கு ஆண்டு முழுவதும் இரை போதுகிறதா என்பதை நிழற்படத்தில் பார்க்க முடியாது. உருவத்தைத் திருப்பித் தந்தால் இந்த உணவு உறவுகளும் திரும்புமா? திரும்பும் என்றால் எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில்? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கும் பதில்கள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை.

கேள்வி உருவான விதம்

உயிரினங்களை அவற்றின் உணவு உறவுகளால் அடையாளம் காணும் வழக்கத்துக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் ஆங்கில விலங்கியலாளர் சார்லஸ் எல்டன். 1927இல் வந்த அவருடைய விலங்குச் சூழலியல் நூல் உணவுச் சங்கிலியையும், சங்கிலிகள் பின்னிய வலையையும், மேலே போகப்போக எண்ணிக்கை சுருங்கும் கூம்பையும் விளக்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு சிறு சதுப்பு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டமன், அதே வலையை ஆற்றலின் ஓட்டமாக எழுதினார். 26 வயதில் அவர் இறந்த பிறகு, 1942இல் அந்தக் கட்டுரை அச்சேறியது. ஓர் உயிரினம் ‘இருக்கிறதா’ என்பதோடு ‘எவ்வளவு ஆற்றலைக் கைமாற்றுகிறது’ என்றும் கேட்கலாம் என்ற வழி அப்போது திறந்தது.

ஓடைகளுக்கு இந்தச் சிந்தனை வர மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. 1975இல் ஓடைச் சூழலியலாளர் ஹைன்ஸ், ஓடை தான் பாயும் பள்ளத்தாக்கின் பிள்ளை என்ற கருத்தை வலியுறுத்தினார். மண், காடு, பயிர் எல்லாம் சேர்ந்தே நீரின் வேதியியலையும் உணவையும் தீர்மானிக்கின்றன. 1980இல் ராபின் வானோட் குழுவினர் முன்வைத்த ‘ஆற்றுத் தொடர்ச்சி’ கருதுகோள் இன்னும் திட்டவட்டமானது. மர நிழலில் ஓடும் தலையோடை இலைச்சருகை நம்பி வாழ்கிறது. அகன்று வெயில்படும் இடைப்பகுதியில் பாசி முதன்மை பெறுகிறது. கீழ்ப்பகுதி மேலிருந்து வரும் நுண்துகள்களை உண்கிறது. எல்லா ஆறுகளுக்கும் இந்த வரைபடம் பொருந்தாது என்ற விமர்சனம் விரைவிலேயே எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆயினும் ஓடையின் உணவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாதபடி செய்தது இந்தக் கருதுகோள்தான். சீரமைப்புத் தொழில் வளர்ந்தபோதோ அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தள்ளிவைத்துவிட்டே வளர்ந்தது.

இடம் அமைந்தால் உயிர் வரும் என்ற நம்பிக்கை

முதல் நிலைப்பாடு எளிமையானது. ஓடையின் தரை பலவகைப்பட்டதாக இருந்தால், அதாவது மடுவும் பரல்மேடும் பாறையும் விழுந்த மரமும் கலந்திருந்தால், உயிரினங்களும் பலவகைப்படும். இடத்தை அமைத்துக் கொடுத்தால் மற்றவை தாமாக வந்துசேரும். இந்த நம்பிக்கை மீன்பிடித் துறையிலிருந்தும் ஆற்றுப் பொறியியலிலிருந்தும் வந்தது. பாறையை நகர்த்துவது ஒப்பந்தப் புள்ளியில் எழுதக்கூடிய வேலை, முடிந்ததும் அளந்து பணம் கொடுக்கலாம் என்பதும் இதன் செல்வாக்குக்கு ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஏற்ற களமாக ஸ்காண்டிநேவியா அமைந்தது. பின்லாந்திலும் வடக்கு சுவீடனிலும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெட்டுமரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனார்கள். மரம் சிக்காமல் போவதற்காகப் பாறைகளைக் கரைக்குத் தள்ளி ஓடைகளை நேராக்கினார்கள். லாரிகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டபின், தள்ளிய பாறைகள் மறுபடி நீருக்குள் போயின. நீர் அங்கே பெரும்பாலும் தூய்மையானது, காடும் இருக்கிறது; குலைந்தது தரையின் அமைப்பு மட்டுமே. இடம்தான் எல்லாம் என்றால் இங்கே மீட்சி தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஃபேபியோ லெப்போரி குழுவினர் 2005இல் வெளியிட்ட சுவீடன் ஒப்பீட்டில் தரையின் பலவகைமை உண்மையிலேயே கூடியிருந்தது. ஆனால் மீன்களின், முதுகெலும்பற்ற சிற்றுயிர்களின் பல்வகைமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதே ஆய்வாளர்களின் இன்னொரு சோதனையில், சீரமைத்த ஓடைகள் இலைச்சருகை முன்பைவிட நன்றாகப் பிடித்துவைத்துக்கொண்டன. இனங்களின் பட்டியலில் தெரியாத மாற்றம் உணவு வரத்தில் தெரிந்தது.

பின்லாந்தில் டிமோ முவோட்காவும் பெக்கா லாசோனெனும் 2002இல் சொன்ன செய்தி இன்னும் கூர்மையானது. நேராக்கப்பட்ட ஓடைகளில்கூட, எஞ்சிய கற்களின்மேல் பல பத்தாண்டுகளாக மாஸ் தாவரம் அடர்ந்து படர்ந்திருந்தது. மிதந்துவரும் இலைகளை அதுதான் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. எத்தனையோ சிற்றுயிர்களுக்கு அதுவே இருப்பிடம். பாறைகளைத் திருப்பிப்போட இறங்கிய இயந்திரங்கள் அந்த மாஸை உரித்தெடுத்துவிட்டன. பாறைகள் வந்தும், இலை பிடிக்கும் திறன் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. சீரமைப்பே ஒரு சேதமாகவும் இருக்க முடியும், அந்தச் சேதம் ஆறத் தனியாகக் காலம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

2010இல் மார்கரெட் பால்மரும் வேறு இருவரும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பாய்வு இந்த நிலைப்பாட்டுக்குப் பெரிய அடி கொடுத்தது. அவர்கள் தொகுத்த 78 திட்டங்களில் பெரும்பாலானவை தரையின் பலவகைமையைக் கூட்டியிருந்தன. சிற்றுயிர்ப் பல்வகைமை புள்ளியியல் பொருளில் கூடி, நல்ல ஓடைகளை நெருங்கியது இரண்டில் மட்டுமே. நீரின் தரம், நீர்வரத்து, நீர்ப்பிடிப்புப் பகுதியின் நிலப் பயன்பாடு ஆகியவை கெட்டுக்கிடக்கும்போது ஓடைக்குள் பாறை வைப்பதில் பயனில்லை என்பது அவர்கள் வாதம்.

இந்த எண்ணைக் கொண்டு இடம் முக்கியமே அல்ல என்று முடிவுகட்டுவதும் அவசரம். இங்கிலாந்தின் ஐந்து தாழ்நில ஆறுகளில் மரத்தடிகளை இட்டபின் நடந்ததை முர்ரே தாம்ஸன் குழுவினர் 2018இல் வெளியிட்டனர். பணிக்கு முன்னும் பின்னும், தொடாத பகுதியோடு ஒப்பிட்டு அளந்த அந்த ஆய்வில் சிற்றுயிர்களும் உணவு வலையும் விரைவாகவே வளம்பெற்றிருந்தன. மரத்தடி ஒரு தடுப்பு மட்டும் அல்ல. அதன்மேல் பாசியும் பூஞ்சையும் படர்கின்றன, அது சருகைப் பிடிக்கிறது, மீனுக்கு மறைவு தருகிறது. உணவையும் இடத்தையும் ஒரே பொருள் கொடுக்கும்போது பலன் கூடுகிறது என்று இதை வாசிக்கலாம்.

இலைச்சருகிலிருந்து தொடங்குபவர்கள்

இரண்டாம் அணியினர் உணவின் அடித்தளத்தைப் பார்க்கிறார்கள். இவர்களுடைய மிக வலுவான சான்று சீரமைப்பிலிருந்து வரவில்லை. வேண்டுமென்றே செய்த ஒரு பறிப்பிலிருந்து வந்தது. வடக்கு கரோலினாவின் கோவீட்டா ஆய்வுக் காட்டில் புரூஸ் வாலஸ் குழுவினர் ஒரு சிற்றோடையின்மேல் வலைவிரித்து, இலை விழாமல் தடுத்தனர். மூன்று ஆண்டு முடிவுகள் 1997இல் வெளிவந்தன. சருகு தின்னும் பூச்சிகள் குறைந்தன. அவற்றைத் தின்னும் வேட்டைப் பூச்சிகளும் சலமாண்டர்களும் குறைந்தன. மாஸ் படர்ந்த பாறைப்பகுதியில் மட்டும் இந்தச் சரிவு இல்லை. அங்குள்ள உயிர்கள் வேறு உணவை நம்பியிருந்தன. ஒரே ஓடைக்குள் இரண்டு உணவுப் பொருளாதாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இயங்க முடியும் என்பது சீரமைப்பவர்கள் இன்னும் முழுமையாக எடுத்துக்கொள்ளாத பாடம்.

ஓடைக்கும் கரைக்கும் நடக்கும் கொடுக்கல்வாங்கலை அளந்தவர் ஜப்பானியரான ஷிகேரு நகானோ. ஹொக்கைடோ தீவின் ஹொரோனாய் ஓடையில், கரைக்காட்டிலிருந்து பூச்சிகள் நீரில் விழாமல் மூடிப் பார்த்தார். மீன்கள் அடித்தரைப் பூச்சிகளின் பக்கம் திரும்பின. அந்தப் பூச்சிகள் குறைய, அவை மேய்ந்துவந்த பாசி பெருகியது. நகானோவும் முரகாமியும் 2001இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே மீன்களின் ஓராண்டு ஆற்றல் தேவையில் 44 விழுக்காடு காட்டுப் பூச்சிகளால் நிறைவேறியது. காட்டுப் பறவைகளின் தேவையில் 25.6 விழுக்காடு நீரிலிருந்து பறந்தெழும் பூச்சிகளால் நிறைவேறியது. அந்தக் கட்டுரை வெளியாகுமுன்பே, 2000 மார்ச்சில் கலிஃபோர்னியா வளைகுடாவில் நடந்த படகு விபத்தில் நகானோ இறந்துபோனார். ஓடைச் சீரமைப்பில் கரையை அலங்காரமாகப் பார்க்கும் பழக்கம் குறைந்ததில் அவர் விட்டுச்சென்ற பணிக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த அணியின் கருத்துக்கு மிகப் பெரிய அளவில் சாட்சி சொல்வது வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆறு. சுமார் நூறாண்டு சால்மன் மீனின் வழியை அடைத்து நின்ற இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றினார்கள். லோயர் எல்வா கிளல்லாம் பழங்குடியினரின் நெடுநாள் போராட்டம் இதன் பின்னால் இருக்கிறது. கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிட்டு இறக்கும் சால்மன், கடலின் சத்தை மலைக்குச் சுமந்துவருகிறது. கிறிஸ்டோபர் டோன்ரா குழுவினர் 2015இல் காட்டியபடி, கீழணை போய் ஓராண்டுக்குள்ளாகவே அந்தக் கடல்சத்தின் தடம் நீர்ப்பூச்சிகளின் இளவுயிரிகளிலும், நீருக்குள் இறங்கி இரைதேடும் டிப்பர் என்ற சிறு பறவையிலும் தென்பட்டது. வலையின் ஒரு முனை அவ்வளவு வேகமாக உயிர்பெற்றது. அதே காலத்தில், அணைகளுக்குப் பின்னால் நூறாண்டாகத் தேங்கிய வண்டல் கோடிக்கணக்கான டன் கீழே வந்து தரையை மூடியதால், கீழ்ப்பகுதியின் அடித்தரைப் பூச்சிகள் கடும் சரிவைக் கண்டன. ஒரே ஆற்றில், ஒரே ஆண்டில், ஒரு பாதை மீண்டது, இன்னொன்று புதைந்தது. ‘எல்வா மீண்டதா’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் தேடுவது இதனால்தான் பொருளற்றது.

அடித்தளத்தைப் பெருக்கினால் மேல்தளம் தானாகப் பெருகும் என்ற எதிர்பார்ப்பு இந்த அணியின் பலவீனம். கோவீட்டாவின் வேறோர் ஓடையில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆண்டுக்கணக்கில் சேர்த்தார்கள். தொடக்கத்தில் இரையும் வேட்டையாடியும் சேர்ந்தே பெருகின. பிறகு இரை மட்டும் பெருகிக்கொண்டேபோய், வேட்டையாடிகள் பின்தங்கின. பெரிய உடலும் கூடும் கொண்ட ஒருவகைக் கேடிஸ் பூச்சி உணவைத் தன்வசமாக்கிக்கொண்டதே காரணம். அதை அங்குள்ள வேட்டையாடிகளால் எளிதில் தின்ன முடியவில்லை. ஜான் டேவிஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட இந்த முடிவை, சத்து சேர்த்து மீன் பெருக்கலாம் என்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மேலிருந்து வரும் பிடி

வேட்டையாடிகள்தாம் வலையின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்ற மூன்றாவது நிலைப்பாட்டுக்கு, 1966இல் ராபர்ட் பெய்ன் அமெரிக்கக் கடற்கரைப் பாறைகளில் விண்மீன் உயிரியை அகற்றிக் கண்ட முடிவு வேர். ஆற்றில் அதைச் சோதித்தவர் மேரி பவர். கலிஃபோர்னியாவின் ஈல் ஆற்றில் கூண்டுகள் அமைத்து அவர் செய்த சோதனை 1990இல் வந்தது. மீன் இருந்த கூண்டுகளில், மிட்ஜ் பூச்சிகளைத் தின்னும் ஊசித்தட்டான் இளவுயிரிகள் முதலியன குறைந்தன, மிட்ஜ் பெருகியது, பாசி மேயப்பட்டுத் தரையோடு படிந்தது. மீன் இல்லாத கூண்டுகளில் பாசி நிமிர்ந்து நின்றது. மீனிலிருந்து பாசி வரை நான்கு படிகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

அதே குழுவின் அடுத்த கட்டம் சீரமைப்புக்கு இன்னும் நெருக்கமானது. கல்லால் கூடுகட்டி வாழும் ஒரு பெரிய கேடிஸ் பூச்சியை மீன்கள் தின்ன முடியாது. மழைக்கால வெள்ளம் கற்களை உருட்டும்போது அது நசுங்கிப்போகும்; வெள்ளமில்லாத ஆண்டில் தப்பிப் பெருகிப் பாசியை மேய்ந்து தீர்த்துவிடும், ஆனால் மீனுக்கு இரையாகாது. அணைகளால் வெள்ளம் அடங்கிய ஆறுகளில் நிலைமை ஆண்டுதோறும் இதுதான் என்று வூட்டனும் பார்க்கரும் பவரும் 1996இல் எழுதினர். அப்படியானால் மீனுக்கு உணவு வேண்டுமென்றால் வெள்ளம் வேண்டும். வெள்ளம் உயிர்களைக் கொல்வதாலேயே வலை செழிக்கிறது.

2008 மார்ச்சில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையிலிருந்து திட்டமிட்டு விட்ட வெள்ளம் இதை ஒரு பெரிய ஆற்றில் காட்டியது. வயட் கிராஸ் குழுவினரின் கணக்குப்படி அணைக்குக் கீழே சிற்றுயிர்களின் மொத்த உற்பத்தி குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்து பரவிய நியூசிலாந்து சேற்று நத்தை. மீன்கள் விரும்பும் மிட்ஜும் கரு ஈயும் பெருகின. வானவில் ட்ரவுட் உற்பத்தி உயர்ந்தது. ஆனால் அந்த ட்ரவுட்டும் அங்கே வந்தேறிதான். கொலராடோ ஆற்றுப் படுகைக்கே உரிய கூன்முதுகு சப் மீனைக் காப்பவர்களுக்கு ட்ரவுட் பெருகுவது கவலை. வலை ‘நன்றாக’ இயங்குகிறதா என்பதும், நமக்கு வேண்டிய வலையா என்பதும் இங்கே பிரிந்து நிற்கின்றன.

யார் முதலில் வருகிறார்கள்

நான்காவது நிலைப்பாடு வரலாற்றையும் வரிசையையும் பார்க்கிறது. இந்தப் பார்வைதான் கடந்த இருபது ஆண்டுகளில் மிகுதியாக வலுப்பெற்றிருக்கிறது என்பது என் கணிப்பு.

ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் எம்ஷர் ஆறும் அதன் கிளைகளும் நூறாண்டுக்கு மேல் திறந்த சாக்கடைகளாகக் காங்கிரீட் படுகையில் ஓடின. 1990களில் தொடங்கிய மாற்றுப் பணி, நிலத்தடிக் கழிவுக் குழாய்களை முடித்து 2021 இறுதியில்தான் எம்ஷரைக் கழிவிலிருந்து விடுவித்தது. கிளையோடைகள் பல அதற்கு முன்பே நல்ல நீர் பெற்றன. இப்படிப்பட்ட ஓடையில் புதிய வலை எங்கிருந்து வரும்? சுந்தர்மன், ஸ்டோல், ஹாசே மூவரும் ஜெர்மனியின் 24 சீரமைப்புகளை ஆராய்ந்து 2011இல் தந்த விடை: ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் உரிய இனங்கள் இருந்தால்தான் வருகின்றன. பறக்கும் பூச்சிக்கே இந்த எல்லை. நடக்கவும் ஊரவும் மட்டுமே தெரிந்த உயிர்களுக்கு இன்னும் குறுகலாக இருக்கலாம். வடக்கு கரோலினாவில் ஹார்டிங் குழுவினர் 1998இல் கண்டதும் இதனோடு சேரும். ஓடைகளின் இன்றைய பல்வகைமையை, கரையில் இன்று நிற்கும் காட்டைவிட, 1950களில் அந்த நிலம் எப்படி இருந்தது என்பதே நன்றாக முன்சொன்னது.

வரிசையை மிக நுணுக்கமாகக் காட்டுவது இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், ஆஷ்டவுன் காட்டில் ஓடும் பிராட்ஸ்டோன் ஓடை. இங்கே யாரும் பாறை வைக்கவில்லை. அமில மழை குறைந்து நீரின் வேதியியல் மெல்லத் திரும்பியது. ஆலன் ஹில்ட்ரூவும் அவர் வழிவந்தவர்களும் 1970களிலிருந்து இந்த ஓடையின் வலையை வரைந்துவந்திருக்கிறார்கள். அமிலம் மிகுந்த காலத்தில் மீன் இல்லை. பூச்சிகளே தலைமை வேட்டையாடிகள். 1990களின் நடுவில் உடல்பெருத்த பொன்வளையத் தும்பியின் இளவுயிரிகள் பெருகின; அதன்பிறகு பழுப்பு ட்ரவுட் வந்தது. வேட்டையாடிகள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் சேர்ந்தன, சங்கிலிகள் நீண்டன. ஆனால் பாசி மேயும் சிறப்பினங்கள் வேதியியல் மாறிய வேகத்தில் திரும்பவில்லை.

ஏன்? அமிலம் தாங்கும் சில கல் ஈ இனங்கள், சருகையும் தின்று பாசியையும் மேய்ந்து, காலியான இருக்கையில் உட்கார்ந்துவிட்டன. எதையும் தின்னும் இத்தகைய உயிரினங்கள் நிறைந்த வலை உறுதியானது, புதியவரை எளிதில் உள்ளே விடாது. சீர்கெட்ட வலைக்கும் ஒரு நிலைத்தன்மை உண்டு என்ற இந்தக் கருத்து, சேதத்தை நீக்கினால் எல்லாம் வந்த வழியே திரும்பும் என்ற எதிர்பார்ப்பை நேராக மறுக்கிறது. வேல்ஸில் லின் பிரியான் பகுதி ஓடைகளை 25 ஆண்டு தொடர்ந்த ஆர்மரோடும் டுரான்ஸும் மீட்சி குறைவாகவே இருந்ததை 2009இல் பதிவுசெய்தனர். ஆனால் அவர்கள் காரணமாகச் சுட்டியதில் மழைநாட்களில் இன்னும் வரும் அமில வீச்சும் அடங்கும். உள்ளிருந்து வரும் தடையா, வெளியிலிருந்து தொடரும் சேதமா என்று பிரித்தறிவது கடினம். இந்த நிலைப்பாட்டின் முதன்மையான பலவீனமும் அதுதான். வேறு எதனாலும் விளக்க முடியாததை வரலாற்றின்மேல் போட்டுவிடும் ஆபத்து உண்டு.

2023இல் மத்தைஸ் வோஸ் குழுவினர், எம்ஷர் பகுதியின் போயே கிளையோடையை ஆராயும் பெருந்திட்டத்தின் பகுதியாக, இதைச் சோதிக்கத்தக்க வடிவில் எழுதினர். சீர்குலைவில் யார் எஞ்சுவார் என்பதைத் தாங்குதிறன் தீர்மானிக்கிறது. மீட்சியில் யார் வருவார் என்பதைப் பரவும் திறனும் உயிர்களுக்கிடையேயான உறவுகளும் தீர்மானிக்கின்றன. ஆகவே இறங்கும் வழியும் ஏறும் வழியும் சமச்சீராக இரா என்பது அவர்கள் கருதுகோள்.

எந்த நிலைக்குத் திரும்புவது

மீட்சி என்றால் எதை நோக்கி? பென்சில்வேனியா, மேரிலாந்து பகுதிகளில் வளைந்து வளைந்து ஓடும் ஒற்றைக் கால்வாயையே இயற்கை வடிவமாகக் கொண்டு பல சீரமைப்புகள் நடந்தன. வால்டரும் மெரிட்ஸும் 2008இல் அந்த வடிவமே மனிதர் செய்தது என்று காட்டினர். 1840 வாக்கில் கிழக்கு அமெரிக்க மாவட்டங்களில் 65,000க்கும் மேற்பட்ட நீராலைகள் இருந்தன. அவற்றின் சிற்றணைகளுக்குப் பின்னால் சேர்ந்த வண்டலை வெட்டிக்கொண்டு ஓடியதுதான் இன்றைய ஓடை. அதற்கு முன்பு அங்கே இருந்தவை பல கிளைகளாகப் பிரியும் ஈரநில ஓடைகள். இலக்கே தவறான காலத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், உணவு வலை அதை நோக்கி வராததில் வியப்பில்லை.

வந்தேறிகள் இதை மேலும் சிக்கலாக்குகின்றன. ஹொரோனாய் ஓடையில் வானவில் ட்ரவுட்டைச் சேர்த்த சோதனையில், அது மேலிருந்து விழும் பூச்சிகளைப் பறித்துக்கொண்டது. உள்ளூர் மீன் அடித்தரைக்குத் தள்ளப்பட்டது, பறந்தெழும் பூச்சிகள் குறைந்தன, கரைச் சிலந்திகள் 65 விழுக்காடு குறைந்தன. பாக்ஸ்டர் குழுவினர் இதை வெளியிட்டது 2004இல். நம் நீலகிரி ஓடைகளிலும் அதே ட்ரவுட் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. கரைகளில் பல இடங்களில் சோலைக்குப் பதிலாக யூகலிப்டஸும் வாட்டிலும் நிற்கின்றன. எண்ணெயும் கசப்புச் சத்தும் மிகுந்த யூகலிப்டஸ் இலை நீர்ப்பூச்சிகளுக்கு மட்டமான உணவு என்பதைப் போர்ச்சுகல் ஓடைகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீலகிரியில் ஓடையை மீட்பது என்ற பேச்சு எழும்போது, கரையில் எந்த இலை விழ வேண்டும் என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

அளக்கும் கருவிகள்

முரண்பாடுகளில் ஒரு பகுதி அளவீட்டிலிருந்தே வருகிறது. இனங்களை எண்ணுவது மலிவு, பழகியது; பெரும்பாலான திட்டங்கள் அதையே செய்கின்றன. நைட்ரஜன்-15 ஐசோடோப்பின் விகிதம் ஒவ்வோர் உணவுப் படிக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் 3.4 பங்கு உயர்வதால், ஓர் உயிரினம் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அதன் தசையிலிருந்தே கணிக்கலாம். கார்பன்-13 பாசியா சருகா என்று சொல்ல உதவும். சால்மன் வழியே வரும் கடல்சத்தையும் ஐசோடோப்புகளே காட்டிக்கொடுத்தன. ஆனால் இவை பல வாரங்களின் சராசரி, அளவைச் சொல்லா. குடலுணவைப் பார்ப்பதும், ஆண்டு உற்பத்தியைக் கணக்கிடுவதும் ஆற்றலின் அளவைச் சொல்லும். அதற்கு நுண்ணோக்கியின்முன் ஆட்கள் நெடுநேரம் உட்கார வேண்டும்.

கொலம்பியா ஆற்றுப் படுகையை எடுத்துக்கொண்டு ராபர்ட் நைமன் குழுவினர் 2012இல், சீரமைப்பு முழுக்க இடத்தையே நம்பி உணவு வலையைப் புறக்கணித்துவிட்டது என்று எழுதினர். ரையன் பெல்மோர் குழுவினர் அதன் கிளையான மெத்தோ ஆற்றுக்கு 2017இல் கணினி மாதிரி அமைத்தனர். கரைமரம் வளர்ப்பது, பக்கக் கால்வாயை இணைப்பது, சால்மன் உடலங்களை இடுவது ஆகியவற்றின் பலனை வேலைக்கு முன்பே ஒப்பிட அது இடம் தந்தது. வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மாற்றினால் அதே வேலையின் பலனும் மாறியது. மாதிரி என்பதால் எச்சரிக்கை தேவை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை அது முன்கூட்டிக் கேட்கிறது.

வெப்பமண்டல ஓடைகள்

மேலே சொன்ன சான்றுகளில் ஏறக்குறைய அனைத்தும் குளிர்நாட்டு ஓடைகளைச் சேர்ந்தவை. வெப்பமண்டல ஓடைகள் பலவற்றில் சருகு கடிக்கும் பூச்சிகள் குறைவு. அந்த வேலையை இறாலும் நண்டும் நுண்ணுயிர்களும் செய்கின்றன. போர்ட்டோ ரிக்கோவில் உயர் அணைகளுக்கு மேலே இறால்கள் இல்லாமல் போனபோது, பாறைகளில் பாசியும் படிவும் பன்மடங்கு சேர்ந்தன என்று கிரேட்ஹவுஸ், பிரிங்கிள் குழுவினர் 2006இல் காட்டினர். அந்த இறால்களின் குஞ்சுகள் கழிமுகத்துக்கு அடித்துச் செல்லப்பட்டு, வளர்ந்து மேலேறி வருபவை. தமிழக ஆறுகளின் நன்னீர் இறால்களில் சிலவற்றுக்கும் குஞ்சுப் பருவத்தில் உப்பு கலந்த நீர் வேண்டும். இத்தகைய ஆற்றில் மேல்பகுதி ஓடையை எவ்வளவு சீராக்கினாலும், கழிமுகத்துக்குப் போய்வரும் வழி அடைபட்டிருந்தால் வலையின் ஒரு முக்கியக் கண்ணி வராது. பருவமழைக்குப் பெருகிக் கோடையில் வற்றும் ஓடைகளில் ஆண்டுதோறுமே ஒரு சிறு அழிவும் மீட்சியும் நடக்கின்றன. அங்கே சீரமைப்பின் பலனைப் பருவத்தின் ஏற்றஇறக்கத்திலிருந்து பிரித்தறியக் குளிர்நாட்டுக் கால அளவுகள் உதவுமா என்பது ஐயத்துக்குரியது.

தீராதவை

நான்கு நிலைப்பாடுகளில் ஒன்று வென்றுவிட்டது என்று சொல்லச் சான்று போதாது. இடத்தை மட்டும் அமைத்தால் போதும் என்ற தனிவாதம் தளர்ந்துவிட்டது என்பதை மட்டும் ஓரளவு துணிந்து சொல்லலாம். உணவின் அடித்தளம், வெள்ளத்தின் போக்கு, அண்டையில் எஞ்சியிருக்கும் உயிர்கள் ஆகியவற்றைப் பார்க்காமல் செய்யும் வேலை தோற்கும் வாய்ப்பு அதிகம் என்பதிலும் பலர் உடன்படுகிறார்கள். எந்த ஓடையில் இவற்றுள் எது முதல் தடை என்பதை முன்கூட்டிச் சொல்லும் திறன் இன்னும் வரவில்லை. அருகில் இல்லாத இனங்களை மனிதர் எடுத்துவந்து விடலாமா, அப்படி விட்டால் சீர்கெட்ட வலையின் இறுக்கம் உடையுமா என்பதற்கு மிகச் சில சோதனைகளே இருக்கின்றன. வெப்பமேறும் நீரில் பழைய வலை திரும்ப இடமிருக்கிறதா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. பிராட்ஸ்டோனில் தும்பி வருவதைக் காண இருபது ஆண்டு கடந்தது. சீரமைப்புத் திட்டங்களின் கண்காணிப்போ பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. எல்வாவில் அணை போய்ப் பத்தாண்டு சற்றே கடந்திருக்கிறது, எம்ஷர் கழிவிலிருந்து விடுபட்டு அதிலும் பாதிதான். மீட்சியின் வழி சமச்சீரற்றது என்ற கருதுகோளுக்கு நேரான சோதனை, அவ்விரு ஆறுகளிலும் அடுத்த இருபது ஆண்டு மாதிரி எடுப்பு நிற்காமல் நடந்தால்தான் கிடைக்கும்.